ஆஷ்வொர்த் என்பது எங்கள் பெயர்தான்

இந்த மலரைக் கையில் வாங்கியதும் உங்களில் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். அட்டையில் அக்காவின் பெயரோடு 'ஆஷ்வொர்த்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். அச்சகத்துக்காரரே போன் செய்து, வேறு யாராவது வெள்ளைக்காரர் பெயர் தவறிப்போய் இதில் கலந்துவிட்டதா என்று கேட்டார். எதுவும் கலக்கவில்லை. அக்கா பிறந்தபோது வைத்த பெயர் அது. அந்தப் பெயரிலேயே படித்து, அந்தப் பெயரிலேயே வேலை பார்த்து, அந்தப் பெயரோடுதான் சென்ற ஆண்டு கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார்.

நினைவு மலரில் வம்பு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அக்கா சண்டைக்காரி. அந்தச் சண்டையை விட்டுவிட்டு, சாந்த குணமும் பொறுமையும் நிறைந்த உத்தமி என்று நாலு பக்கம் எழுதினால் அது வேறு யாரைப் பற்றியோ எழுதியதாகிவிடும். அவருக்கு அடுத்துப் பிறந்த தம்பி நான். அந்தச் சண்டைகளில் பாதியைப் பக்கத்தில் நின்று பார்த்தவன், மீதியை வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

அக்கா பிறந்தது எப்போதும்வென்றான் என்ற ஊரில். அப்பாவுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம். மழை பெய்தால் பருத்தி, உளுந்து. பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஊரில் எங்கள் வீட்டுக்குப் பெயர் 'ஆசுவத்து வீடு'. ஆஷ்வொர்த் என்று முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. தெருக்கோடியில் இருந்த தெலுங்கு பேசும் குடும்பத்தார் அதை இன்னும் சுருக்கி 'ஆசு இல்லு' என்றார்கள். எப்படிச் சொன்னாலும் எங்களுக்கு அடையாளம் அதுதான்.

இந்தப் பெயர் எங்களுக்கு எப்படி வந்தது என்பதில் ஒரு ரகசியமும் கிடையாது. அப்பாவின் தாத்தா சிறு பிள்ளையாக இருந்தபோது பஞ்சம் வந்தது, பின்னாலேயே காலராவும் வந்தது. தாய் தகப்பனை இழந்த பிள்ளையை யாரோ மிஷன் போர்டிங்கில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் காலத்துப் போர்டிங்குகளில் ஒரு வழக்கம் இருந்தது. சீமையில் இருக்கும் யாராவது ஒரு விசுவாசி இங்கே ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பொறுப்பேற்றுப் பணம் அனுப்புவார். அனுப்புகிறவர் பெயரையே அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் வைத்துவிடுவார்கள். இப்படிச் சீமைப் பெயர்கள் பல வரிசையாக உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தன. அந்த வரிசையில் ஒரு பெயர் ஆஷ்வொர்த்.

பணம் அனுப்பியவர் ஆணா பெண்ணா, பணக்காரரா, ஆலையில் கூலிக்கு நின்றவரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. மற்றப் பிள்ளைகள் வளர்ந்து அவரவர் ஊருக்குப் போனதும் சீமைப் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். எங்கள் முன்னோர் மட்டும் போடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "பேரைக் கொடுத்தாவ, திருப்பிக் கேக்கலையே" என்றாராம். அந்தப் பெயரோடு காடு திருத்தி, உழுது, பிள்ளை குட்டி பெற்று, அந்தப் பெயரை அவர்களுக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் ஊர் வாய்க்கு இந்தக் கதை ருசிக்கவில்லை. துரை வீட்டில் சமையல்காரனாக இருந்தவன் வம்சம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். துரைக்கு இங்கே இன்னொரு குடும்பம் இருந்தது என்று இன்னொரு சாரார் சொன்னார்கள். எங்கள் வீட்டில் ஆள் ஆளுக்கு அட்டக்கரி நிறம். அதைப் பார்த்த பிறகும் சொன்னார்கள். அக்கா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, உங்கள் வீட்டில் யார் வெள்ளை என்று ஒரு டீச்சர் வகுப்பில் வைத்தே கேட்டார். எங்கள் வீட்டு ஆடுதான் டீச்சர் என்று அக்கா பதில் சொல்லி, முழங்காலில் நின்றுவிட்டு வந்தார்.

பெரியவர்களானதும் அக்காவுக்கு விஷயம் பிடிபட்டது. ஒருநாள் என்னிடம் சொன்னார், இவர்கள் கோபம் துரை மேலேயும் இல்லை, சீமை மேலேயும் இல்லை. பேரைக் கேட்டால் நாம் என்ன ஆள் என்று தெரியவில்லை. அடுத்த கேள்வியை வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. அதுதான் எரிச்சல் என்றார். பஸ்ஸில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரியில் என்று எங்கே போனாலும் அதுதான் நடந்தது. பெயர் கேட்பார்கள், சொல்வோம், ஒரு நொடி முழிப்பார்கள், பிறகு "அதுசரி, நீங்க யாரு?" என்பார்கள். அக்கா சளைக்காமல், "இப்பத்தான சொன்னேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. இந்த மலரிலும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. தேடிப் பக்கம் புரட்ட வேண்டாம்.

படிப்புக்கு அக்கா பட்ட பாடு இந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் எல்லோரும் பட்ட பாடுதான். பருத்தி பொய்த்த வருஷங்களில் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டிக் கொடுத்துப் புத்தகம் வாங்கினார். பசை காய்ந்த விரலோடு பரிட்சை எழுதினார். கோவில்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் போய்வந்து கல்லூரிப் படிப்பை முடித்தார். அப்பா எதைக் குறைத்தாலும் அந்த பஸ் காசைக் குறைக்கவில்லை. அதற்காக அப்பாவை இந்த இடத்தில் கும்பிட்டுக்கொள்கிறேன்.

பிறகு ரயில்வே பரிட்சை எழுதி, புக்கிங் கிளார்க் வேலை கிடைத்தது. உடனே கிளம்பியது அடுத்த பேச்சு. ஆங்கிலோ இந்தியர் என்று சொல்லித்தான் வேலை வாங்கினாள், பேர் அதற்குத்தானே உதவும் என்று உறவுக்காரர்களே சொன்னார்கள். சொன்னவர்கள் சிலர் இந்த மலரையும் வாங்கியிருக்கிறீர்கள். நேர்முகத்தில் அதிகாரியும் அதையே கேட்டாராம். இல்லை சார், அப்பா சம்சாரி, உழுது பிழைக்கிறவர், நான் எல்லோரையும் போலத்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்கிறார் அக்கா. அந்தப் பெயரால் அவருக்கு ஒரு சலுகையும் கிடைத்ததில்லை. கிடைத்ததெல்லாம் கேள்விகள்தான்.

முதல் வேலை மணியாச்சியில். எங்கே போய் மாட்டினார் பாருங்கள். அந்த ஸ்டேஷனில்தான் ஒரு காலத்தில் வெள்ளைக்காரக் கலெக்டர் சுடப்பட்டார். சுட்டவர் பெயரைத்தான் ஸ்டேஷன் இன்றைக்கும் தாங்கி நிற்கிறது. அந்தக் கலெக்டரின் பெயரும் எங்கள் குடும்பப் பெயரின் முன்பாதியும் ஒன்று. கவுன்ட்டருக்கு உள்ளே சேலை கட்டிய கறுத்த பெண், நெஞ்சில் ஆஷ்வொர்த் என்று பெயர்ப்பட்டை. பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு குழப்பம் வந்திருக்காது.

முதல் வாரத்திலேயே ஒரு பெரியவர் கம்பிக்கு வெளியே நின்று அந்தப் பட்டையை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். பின்னால் வரிசை நிற்கிறது.

"ஏம்மா, நீங்க அந்தக் கலெக்டரு வகையறாவா?"

"இல்லய்யா. நான் எப்போதும்வென்றான். உங்களுக்கு எங்கன போகணும்?"

பெரியவர் தூத்துக்குடிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு, நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாராம். அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆண்டுதோறும் சுட்டவரின் நினைவு நாளில் மாலை போட வருகிற கூட்டத்தில் சில இளவட்டங்கள் கவுன்ட்டர் முன்னால் வந்து நின்று, வெள்ளைக்காரன் மிச்சம் இங்கே உட்கார்ந்திருக்கு என்று சத்தம் போட்டதும் உண்டு. மேலதிகாரி நல்லவர். ஒரு இரண்டு நாளைக்குப் பட்டையைக் கழற்றி வையுங்களேன் என்று தன்மையாகத்தான் சொன்னார். அக்கா கழற்றவில்லை. அந்த நாளில் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதுவும் மாட்டேன் என்றார். சுட்டவருக்குப் போடுகிற மாலையில் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்லி, வேலை முடிந்ததும் தானும் ஒரு மாலை வாங்கிப் போட்டுவிட்டு, அதே பட்டையோடு வந்து ரயில் ஏறினார். மறுவருஷம் யாரும் சத்தம் போடவில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் கோவில்பட்டியில். அத்தான் நூற்பாலையில் ஃபிட்டர். அதிர்ந்து பேசாதவர். பேசினாலும் மெஷின் சத்தத்தில் பழகியவராதலால் சுருக்கமாகத்தான் பேசுவார். கல்யாணமான புதிதில் அத்தானின் தகப்பனார், ஆபீசில் எழுதிக் கொடுத்துப் பேரை மாற்றிக்கொள்ளம்மா என்றார். பரிட்சையும் சர்டிபிகேட்டும் வேலையும் இந்தப் பெயரில்தான் மாமா என்று அக்கா சொன்னார். பெரியவருக்கு முகம் விழுந்துவிட்டது. கூடத்தில் எல்லோரும் அத்தான் வாயைப் பார்த்தார்கள். அத்தான் ஒரே வார்த்தையில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சு வெளிப்படையாக வரவில்லை. உள்ளுக்குள் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

அந்த வீட்டுக்கு அக்கா குறை வைத்ததில்லை. மாமனாரையும் மாமியாரையும் கடைசிவரை பார்த்தார். ஆலை மூடிக் கிடந்த மாதங்களில் அவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. மகளைப் படிக்கவைத்தார். அத்தானின் அண்ணன் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு வழி காட்டிவிட்டார். ஊரில் யாருக்கு அவசர டிக்கெட் வேண்டுமென்றாலும் அக்கா வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். தட்டியவர்களைத் திட்டிக்கொண்டே வழி சொல்லிக் கொடுப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு செல்போனில் அவருக்கு ஒரு புது வேலை கிடைத்தது. அந்தப் பெயரின் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கினார். எனக்கு வேண்டாத வேலையாகத் தெரிந்தது. ஒருநாள் மத்தியானம் போன் செய்து, உடனே வா என்றார். உடம்புக்கு என்னவோ என்று பதறிப் போய் நின்றேன். கடலைமிட்டாய் ஒன்றைக் கையில் கொடுத்து உட்காரச் சொன்னார். நிதானமாகத்தான் சொல்லத் தொடங்கினார். இங்கிலாந்துக்காரர்கள் குடும்பப் பெயரைப் பல வழியில் எடுத்துக்கொண்டார்கள். சிலருக்குத் தகப்பன் பெயர், சிலருக்குச் செய்த தொழில், சிலருக்கு உடம்பில் இருந்த அடையாளம். மற்றவர்களுக்கு ஊர்ப் பெயர். ஊரை விட்டு வெளியே போனவனை அந்த ஊர்க்காரன் என்று கூப்பிட்டு, அதுவே பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆஷ்வொர்த் அந்தக் கடைசி வகை. லங்காஷயர் என்கிற சீமையில் ராச்டேல், பரி என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே ஆஷ்வொர்த் என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. 'ஆஷ்' என்பது ஒரு மரம். நம் பக்கம் கிடையாது. உறுதியான மரம், கோடாலிக் காம்புக்கும், அந்தக் காலத்து ஹாக்கி மட்டைக்கும் ஆகும். 'வொர்த்' என்பது பழைய ஆங்கிலச் சொல். சுற்றிலும் வேலி போட்டு, உள்ளே ஆடு மாட்டோடு குடியிருக்கும் இடம்.

இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"ஏலே, வேலி போட்டு ஆடு மாட்டோட இருந்தா அதுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு? பட்டிதான? இம்புட்டு நாளும் துரை பேரு, துரை பேருன்னு நம்மள மிரட்டுனாவளே. இது வெறும் பட்டிதாம்ல. ஆஷ்மரத்துப்பட்டி."

அன்றைக்கு அக்கா சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. கோவில்பட்டியைச் சுற்றி எத்தனை பட்டிகள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அவற்றோடு சீமையில் இருக்கும் பட்டி ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். மணியாச்சியில் சுடப்பட்ட கலெக்டர் பெயரும் அதே மரத்திலிருந்து வந்ததுதானே என்று நான் கிண்டினேன். மரம் ஒன்றுதான், ஒரு மரத்து நிழலில் நின்றவனெல்லாம் ஒரு வீட்டுக்காரனா என்று கேட்டார்.

அந்தப் பெயர்க்காரர்கள் உலகத்தில் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடம் ஒன்றையும் கண்டுபிடித்து வைத்திருந்தார். கூட்டம் அதிகமாக இருக்கும் இடம் கறுத்துத் தெரியும். லங்காஷயரில் அந்தச் சின்ன இடத்தைச் சுற்றியுள்ள மலைப்பள்ளத்தாக்கு ஊர்கள் நல்ல கறுப்பு. தள்ளிப் போகப் போக வெளிறிக்கொண்டே போகும். பல தலைமுறை ஆகியும் பெரும்பாலோர் பிறந்த பட்டியை விட்டு வெகுதூரம் போகவில்லை. போனவர்கள் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா என்று கப்பலேறிப் போயிருக்கிறார்கள். அங்கெல்லாம் லேசான நிறம் இருந்தது. இந்தியாவில் ஒன்றும் இல்லை, வெள்ளையாகக் கிடந்தது.

அதைப் பார்த்ததும் அக்காவுக்கு வந்ததே கோபம். எங்கள் குடும்பம் தூத்துக்குடி மாவட்டத்தில் நாலைந்து தலைமுறையாக இருக்கிறது, வரைபடத்தைத் திருத்துங்கள் என்று அந்த இணையதளத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினார். மரியாதையான பதில் வந்தது. உங்கள் மூதாதையர் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குச் சிப்பாயாக வந்தவரா, தேயிலைத் தோட்டத் துரையாக வந்தவரா என்று கேட்டிருந்தார்கள். யாரும் வரவில்லை, பெயர் மட்டும்தான் வந்தது, அதை வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் நாங்கள் என்று எழுதிப்போட்டார். அதற்குப் பதில் வரவில்லை. இந்தியா இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

பணம் அனுப்பி ஒரு உயிரைக் காப்பாற்றியவர் பெயர், நன்றிக்காகவாவது வைத்துக்கொள்ளலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். அக்காவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. அந்த மலை ஊர்கள் முழுக்கப் பஞ்சாலை ஊர்கள். நம் கரிசல் பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறிச் சீமைக்குப் போன காலம் அது.

"நம்ம பருத்திய வாங்கி ஆலை ஓட்டுனாவ. அதுல கொஞ்சம் திரும்பி வந்திருக்கு. அதுக்கு நாலு தலைமுறையா ஏன் குனிஞ்சுகிட்டே நிக்கணும்? நன்றிக்காக ஒண்ணும் வச்சுக்கல. என் பேருன்னு வச்சிருக்கேன்."

அக்காவின் சண்டை முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. அந்தப் பெயரால் பெருமையும் இல்லை, கேவலமும் இல்லை. எனக்குச் சொந்தம், எடுக்க உனக்கு உரிமை இல்லை, அவ்வளவுதான்.

கடைசி இரண்டு வருஷம் சிறுநீரகம் அவரைப் படுத்தியது. வாரத்தில் சில நாள் திருநெல்வேலிக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டியிருந்தது. புதிதாக வருகிற நர்ஸ் ஒவ்வொருவரும், ஆஷ்வொர்த் யாரு என்று கூப்பிட்டுவிட்டு வெள்ளைக்காரர் யாரையாவது தேடிக் கண்ணை ஓட்டுவார். நான்தாம்மா, ஊசியை இங்கன குத்து என்று அக்கா கையை நீட்டுவார். அந்த வார்டில் அவரால் சிரிக்காமல் இருந்தவர்கள் குறைவு. வலி தாங்காமல் என் கையை அவர் நெரித்த நாட்களும் உண்டு. அவற்றைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

போவதற்குச் சில வாரம் முன்னால், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது என்னையும் மகளையும் பக்கத்தில் கூப்பிட்டார். "கல்லுல என் பேரு முழுசா இருக்கணும்லே. அவிய வீட்டுல வேண்டாம்பாவ. நீ விட்ராத" என்றார். நான் சரி என்றேன். அவர் கேட்டது அது ஒன்றுதான். வேறு எதற்கும் எங்களிடம் உறுதி வாங்கவில்லை.

அடக்கம் முடிந்து சில மாதம் கழித்து, கல்லறை கட்டுவதைப் பற்றிப் பேச அக்கா வீட்டில் கூடினோம். அத்தானின் அண்ணன், எங்களுக்கெல்லாம் பெரிய அத்தான், முதலில் பேசினார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அக்கா படுத்திருந்தபோது நாள் தவறாமல் வந்து பார்த்தவர் அவர். ஆனால் இந்த விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். வாழ வந்த பெண், கல்லில் எங்கள் வீட்டுப் பெயர்தான் நிற்க வேண்டும் என்றார். இன்னாருடைய மனைவி என்று போட்டால் போதும், கல்லறைத் தோட்டத்தில் எல்லாக் கல்லும் அப்படித்தானே இருக்கிறது என்றார். தன் பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், துரை பெயரைக் கல்லில் வெட்டி வைத்தால் வருகிறவன் என்ன நினைப்பான் என்றும் கேட்டார். எங்கள் சித்தப்பா மகனும் அவரோடு சேர்ந்துகொண்டார். நாங்களே அந்தப் பெயரை விட்டுவிட்டோம், இனி எதற்கு என்றார்.

நான் எழுந்து நின்று, அது அக்காவின் கடைசிச் சொல் என்றேன். அக்கா மகள் அழுதுகொண்டே, அம்மா பெயர் இல்லாத கல் அம்மாவுக்கு வேண்டாம், வெறும் மண்ணாகவே இருக்கட்டும் என்றாள். பேச்சு தடித்தது. பெரிய அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அப்படியானால் கல் வைக்கிற அன்றைக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். இதையெல்லாம் அத்தானை வைத்துக்கொண்டேதான் பேசினோம். ஆலைச் சத்தம் அவர் காதைப் பாதி தின்றுவிட்டது. அவருக்குக் கேட்காது என்ற நினைப்பில், அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

அத்தான் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரிய அத்தான் செருப்பை மாட்டும்போதுதான் வாயைத் திறந்தார்.

"அவ பேரை முழுசா வெட்டுங்க. அதுக்குக் கீழ எனக்கு இடம் விடுங்க."

பெரிய அத்தான் திரும்பிப் பார்த்தார். அதற்கென்ன, உனக்கு இடம் விடாமலா என்றார்.

"எனக்கும் அந்தப் பேரையே வெட்டணும்ணே. என் பேரைப் போட்டு ஆஷ்வொர்த்னு."

பெரிய அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்திலா, வேறெதிலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நம்ம அப்பா வச்ச பேருக்கு என்னடா குறை?"

"குறை ஒண்ணுமில்லண்ணே. அவ பேரு அங்கன தனியா நிக்க வேண்டாம்."

பெரிய அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். காப்பி கொண்டுவரச் சொன்னார். கல் வைத்த அன்றைக்கு அவர் குடும்பத்தோடு வந்தார். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிற அந்தப் பேத்தியும் வந்து, கல்லில் இருந்த பெயரைச் சத்தமாக, ஒரு எழுத்து பிசகாமல் வாசித்தாள்.

அக்காவின் கடைசி நாட்களில் தாங்கிப் பிடித்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவரைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர் போலப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், எந்நேரம் கூப்பிட்டாலும் ஆட்டோவோடு வந்து நின்ற தெருத் தம்பிக்கும், சாப்பாட்டுத் தூக்கோடு ரயிலேறி வந்த ஸ்டேஷன் சிநேகிதிகளுக்கும், இரவு பகல் பாராமல் கூட இருந்த அக்கா மகளுக்கும், ஜெபித்த ஆயருக்கும் சபையாருக்கும் எங்கள் நன்றி. ஆங்கிலப் பெயரைத் தமிழில் எப்படி வெட்டுவது என்று தயங்காமல், கேட்டுக் கேட்டு எழுத்தெழுத்தாக வெட்டிக் கொடுத்த கல் ஆசாரிக்கும் நன்றி. அக்கா பெயரைப் பற்றிப் புறம் பேசியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் பேசப் பேசத்தான் அவர் அதை இறுக்கிப் பிடித்தார். அதற்காக உங்களுக்கும் நன்றி.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அந்தக் கல்லைப் பாருங்கள். மேலே அக்காவின் பெயர் முழுசாக இருக்கிறது. அதற்குக் கீழே ஓரிடம் வழுவழுப்பாக, எழுத்தில்லாமல் கிடக்கிறது. அங்கே என்ன வெட்ட வேண்டும் என்று இனி யாரும் கூடிப் பேச வேண்டியதில்லை. அத்தான் சொல்லிவிட்டார். அந்த இடம் இன்னும் பல வருஷம் வெறுமையாகவே இருக்க வேண்டும் என்று மட்டும் எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தம்பி